ஸியாட்டிலில் நின்றுபோன பந்தயம்

1919-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதியன்று, அமெரிக்காவின் பசிபிக் கரையோரத்து ஸியாட்டில் நகரத்தில், ஸ்டான்லி கோப்பை என்னும் ஐஸ் ஹாக்கிப் பரிசு யாரைச் சேரும் என்று தீர்க்க வேண்டிய கடைசி ஆட்டம், தொடங்கச் சில மணி நேரமே இருக்கையில் ரத்தாயிற்று. மாண்ட்ரியாலிலிருந்து கண்டத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ரயிலேறி வந்திருந்த கனேடியன்ஸ் கோஷ்டியில் ஐந்து ஆட்டக்காரர்களும், கோஷ்டியின் நிர்வாகியான ஜார்ஜ் கென்னடியும் இன்புளுயன்ஸா ஜுரத்தில் படுத்துவிட்டார்கள்.

இந்த ஜுரம் ஸியாட்டிலுக்குப் புதிதல்ல. உலக யுத்தத்தின் கடைசி மாதங்களில், சிப்பாய்களும் கடற்படைப் பயிற்சிக்காரர்களும் நெருக்கியடித்துக்கொண்டிருந்த முகாம்களின் வழியாக அது அந்தப் பிரதேசத்துக்குள் புகுந்தபோது, மேயர் ஓலி ஹான்ஸன் 1918 அக்டோபர் 5-ஆம் தேதியன்றே பள்ளிக்கூடங்கள், நாடகக் கொட்டகைகள், நடன மண்டபங்கள், ஏன், மாதா கோயில்களைக்கூட மூடும்படி உத்தரவிட்டார். அந்த மாதக் கடைசியில் முகத்திரை அணியாதவர் டிராம் வண்டியில் ஏறக்கூடாது என்றும் விதி வந்தது. துணியால் வாயும் மூக்கும் மூடிய கண்டக்டர் ஒருவர், முகத்திரையின்றி வந்த ஆளை வண்டியின் வாசலிலேயே தடுத்து நிறுத்தும் புகைப்படம் இன்றும் பிரசித்தம். ஆனால் நவம்பர் 11-ஆம் தேதி யுத்தம் ஓய்ந்த செய்தி வந்ததுதான் தாமதம், ஜனங்கள் முகத்திரையைக் கழற்றி எறிந்துவிட்டு வீதிகளை நிறைத்தார்கள். தடைகளும் அதோடு நீங்கின. நோய் நீங்கியதா என்பது வேறு விஷயம். அடுத்த பிப்ரவரியில் அந்த ஊரின் தொழிலாளர்கள் ஐந்து நாள் பொது வேலை நிறுத்தம் செய்து தேசத்தையே திகைக்க வைத்தபோது, பத்திரிகைகளுக்கு எழுத வேறு சமாசாரம் கிடைத்துவிட்டது. ஜுரத்தைப் பற்றிய பேச்சு குறைந்தது. மார்ச் 19-ஆம் தேதி பந்தயம் தொடங்கியபோது, ஆயிரக்கணக்கானோர் ஒரே கூரையின்கீழ்த் தோளோடு தோள் உரசி உட்காருவதை யாரும் ஆட்சேபிக்கவில்லை.

அந்நாளில் மேற்குக் கரைச் சங்கத்தார் ஏழு பேரைக் கொண்டும், கிழக்கே 1917-இல் பிறந்த தேசிய ஹாக்கிச் சங்கத்தார் ஆறு பேரைக் கொண்டும் ஆடினார்கள். ஆகவே ஒரு நாள் இவர்கள் விதி, மறுநாள் அவர்கள் விதி என்று மாற்றி மாற்றி ஆடுவது வழக்கம். தங்கள் விதிப்படி நடந்த முதல் ஆட்டத்தில் ஸியாட்டிலின் மெட்ரோபாலிடன்ஸ் கோஷ்டி 7–0 என்று வென்றது. இரண்டாவதில் மாண்ட்ரியால் 4–2. மூன்றாவது மறுபடியும் ஸியாட்டிலுக்கு, 7–2. இவற்றையெல்லாம் விட மார்ச் 26-ஆம் தேதி நடந்த நான்காவது ஆட்டமே நிலைத்த கீர்த்தி பெற்றது. அறுபது நிமிஷம் ஆடியும் கோல் விழவில்லை. மேலும் இருபது நிமிஷம் ஆடியும் விழவில்லை. மாண்ட்ரியாலின் கோலைக் காத்த ஜார்ஜ் வெஸினாவும், எதிர்ப்புறத்துக் கோலைக் காத்த ஹாப் ஹோம்ஸும் ஒரு வட்டைக்கூட உள்ளே விடாமல் நிற்க, எண்பதாவது நிமிஷத்தில் இரு தரப்பாரும் ஓய்ந்து விழுந்தார்கள். மாற்று ஆட்கள் இரண்டு மூன்று பேருக்குமேல் இல்லாத காலம் அது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மூன்று நாள் கழித்து அதே உடம்புகளோடு மீண்டும் இறங்கினார்கள். அன்று ஸியாட்டில் 3–0 என்று முன்னே இருக்க, மாண்ட்ரியால் விடாமல் துரத்தி வந்து, அதிகப்படி நேரத்தில் 4–3 என்று வென்றது. அந்த ஆட்டத்தின் நடுவிலேயே, மாண்ட்ரியாலின் தடுப்பாட்டக்காரரான ஜோ ஹால் முடியாமல் வெளியேறினார். அது களைப்பா, ஜுரமா என்று அப்போது யார் பிரித்துப் பார்த்தார்கள்?

இங்கிலாந்தில் பிறந்து, கனடாவின் மானிடோபாவில் வளர்ந்து, முரட்டு ஆட்டத்துக்காகவே ‘கெட்ட ஜோ’ என்று பெயர் வாங்கியவர் ஹால். படுத்தவர்களுக்கு ஜுரம் 101-லிருந்து 105 டிகிரி வரை ஏறியதென்று செய்தி. மற்றவர்கள் பிழைத்தார்கள், ஹாலுக்கு நிமோனியா கண்டு, ஏப்ரல் 5-ஆம் தேதி ஸியாட்டிலில் ஓர் ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது.

இதற்கிடையே, விக்டோரியா நகரத்து ஆட்டக்காரர்களை இரவல் வாங்கி ஆடட்டுமா என்று கென்னடி கேட்டுப் பார்த்தார். மேற்குச் சங்கத்தின் தலைவர் ஃபிராங்க் பாட்ரிக் இணங்கவில்லை. அப்படியானால் தோற்றதாகவே வைத்துக்கொண்டு கோப்பையை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் கென்னடி. ஸியாட்டிலின் பயிற்சியாளர் பீட் மல்டூன் அதற்கு மறுத்துவிட்டார். நோயாளிகளிடமிருந்து வெற்றி பெறுவதை அவர் வெற்றியாக எண்ணவில்லை. இந்தப் பெருந்தன்மையைத்தான் விளையாட்டு வரலாற்றாசிரியர்கள் விரிவாகப் பாராட்டுவார்கள். பாராட்டத் தக்கதுதான், ஆனால் எனக்கென்னவோ, அக்டோபரில் கோயிலையே பூட்டிய ஒரு நகரம், மார்ச்சில் ஆட்டக்காரன் விழும் வரையில் பந்தயத்தை நிறுத்த நினைக்கவில்லை என்பதே இந்தக் கதையின் உயிர்நாடியாகத் தோன்றுகிறது. 2020-ஆம் வருஷம் மார்ச் 12-ஆம் தேதி, அதே தேசிய ஹாக்கிச் சங்கம் தன் ஆட்டக்காரர் எவருக்கும் கொரோனா கண்டதாக அறிவிப்பு வரும் முன்னரே பருவத்தை நிறுத்தி வைத்தது. பிறகு டொராண்டோவிலும் எட்மண்டனிலும் காலி நாற்காலிகளுக்கு முன்னால் கோப்பைக்கான ஆட்டங்களை ஆடி முடித்தது.

1919-க்கு வெற்றியாளர் இல்லை. 1948-இல் கோப்பையைப் புதுப்பித்தபோது இரு கோஷ்டிகளின் பெயரையும் பொறித்து, பந்தயம் நிறைவேறவில்லை என்ற குறிப்பையும் சேர்த்தார்கள். நோயின் பெயரையோ, ஹாலின் மரணத்தையோ அந்தக் குறிப்பு சொல்லவில்லை. ஜுரத்திலிருந்து எழுந்த கென்னடிக்கும் பழைய தேகபலம் திரும்பவே இல்லை. 1921 அக்டோபரில் அவர் இறந்தபின், அவருடைய மனைவி கனேடியன்ஸ் கோஷ்டியை 11,000 டாலருக்கு விற்றார். மெட்ரோபாலிடன்ஸ் 1924-இல் கலைந்தது. அவர்கள் ஆடிய பனித்தள மண்டபத்தை மோட்டார் வண்டிகள் நிறுத்தும் கொட்டகையாக மாற்றிவிட்டார்கள்.