யோத்து யிண்டி

ஆஸ்திரேலியாவின் வடபகுதியிலுள்ள ஆர்னம் லாண்டில் வாழும் யோல்ங்கு மக்களின் சொல். ‘யோத்து’ என்றால் குழந்தை. ‘யிண்டி’ என்றால் பெரியது, இங்கே தாயைக் குறிக்கும். இரண்டும் சேர்ந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் உள்ள உறவு.

இது வெறும் பாசத்தைச் சொல்வதல்ல. யோல்ங்கு குலங்கள் துவா, யிரிட்ஜா என இரு பிரிவுகளாக உள்ளன. பிள்ளை தந்தையின் பிரிவைச் சேரும். தாய் மற்றப் பிரிவினள். ஆனாலும் தாயின் குலத்து நிலத்தையும் சடங்குகளையும் முறை தவறாமல் காக்கும் பொறுப்பு பிள்ளைக்கு உண்டு. அதாவது, இளையவருக்கும் அதிகாரத்தில் பங்குண்டு.

மண்டாவுய் யுனுபிங்கு முன்னின்று பாடிய இசைக்குழு இச்சொல்லைப் பெயராகச் சூடியது. பழங்குடி மக்களுடன் அரசு செய்துகொள்ள மறந்த உடன்படிக்கையைக் கேட்ட அக்குழுவின் ‘ட்ரீட்டி’ பாடல் 1991இல் வெளிவந்தது. இதே பெயர்கொண்ட அறக்கட்டளை 1999இல் யோல்ங்கு பண்பாட்டைக் கொண்டாடும் கார்மா விழாவைத் தொடங்கியது. 2019 விழாவின் இளைஞர் அரங்கில் கூடிய பழங்குடி மாணவர்கள், பிரதமருக்கும் கல்வி அமைச்சர்களுக்கும் ஓர் அறிக்கை விடுத்தனர்: எங்களைப் பிரச்சினையாகப் பார்க்காதீர்கள், தீர்வு காண்போராகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதே அதன் சாரம். ‘யோத்து’ இங்கே கேட்டது சலுகையை அல்ல, முறைப்படி தனக்குரிய பொறுப்பை.