செவிகொடுக்கும் ஊழியம்

தனிமையில் வாடுவோரைத் தேற்றுவது போதகருக்கே உரிய பணி என்னும் எண்ணம் நம் சபைகளில் வேரூன்றியுள்ளது. சமாரியர் இயக்கத்தின் தோற்ற வரலாறு இவ்வெண்ணத்தை ஆராய்ந்து பார்க்க நம்மைத் தூண்டுகிறது.

இங்கிலாந்துத் திருச்சபையின் உதவிக் குருவாயிருந்த சாட் வாரா, 1935-ஆம் ஆண்டில் லிங்கன் நகரில் 14 வயதுச் சிறுமி ஒருத்தியை அடக்கம் செய்தார். பூப்பெய்தியதைக் கொடிய நோயென்று அஞ்சி, மனம்விட்டுக் கேட்பதற்கு எவருமின்றி, அவள் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். இந்நிகழ்ச்சி அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. 1953-இல் லண்டன் வால்புரூக்கிலுள்ள புனித ஸ்தேவான் ஆலயப் பொறுப்பை ஏற்றபின், வாழ்வில் நம்பிக்கையிழந்தோர் தம்மோடு தொலைபேசி வாயிலாகத் தொடர்புகொள்ளலாமென அறிவித்தார். நவம்பர் 2-ஆம் நாள் முதல் அழைப்பு வந்தது. தற்கொலை முயற்சி அந்நாளில் அந்நாட்டில் தண்டனைக்குரிய குற்றம். 1961-இல்தான் அச்சட்டம் மாற்றப்பட்டது.

ஆலயத்தை நாடி வந்தோர் பலராயினர். குருவைக் காணக் காத்திருந்தோருக்குத் தேநீர் வழங்கி உடனிருக்கத் தொண்டர் சிலர் முன்வந்தனர். அவர்கள் எவ்விதத் தனிப்பயிற்சியும் பெற்றவரல்லர். ஆயினும், அவர்களிடம் மனந்திறந்து பேசியோருள் பலர் குருவைக் காணாமலே ஆறுதலடைந்து திரும்பினர். இதனைக் கண்ட வாரா, 1954 பிப்ரவரியில் செவிகொடுக்கும் பணியைத் தொண்டரிடமே ஒப்படைத்தார். கேட்டவற்றை வெளியிடாதிருத்தல், தம் சமயக் கொள்கையைப் பிறர்மேல் திணியாதிருத்தல் ஆகியவை இயக்கத்தின் நெறிகளாயின. அதே நட்புறவு முறையில் 1974-இல் இலங்கையில் சுமித்ரயோவும், 1986-இல் சென்னையில் சிநேகாவும் தோன்றின.

நற்செய்தியை அறிவியாத சேவை ஊழியமாகுமோ என்று நம்மிற் சிலர் வினவக்கூடும். ஆண்டவர் கூறிய உவமையில், குற்றுயிராய்க் கிடந்தவனிடம் சமாரியன் எவ்வித விசுவாச அறிக்கையையும் கேட்கவில்லை, காயங்களைக் கட்டினான். அவனை விலகிச் சென்றவர்களுள் ஒருவன் ஆசாரியன் என்பதை நாம் மறத்தலாகாது. இயக்கத்திற்குச் சமாரியர் என்னும் பெயர் வழங்கக் காரணமாயிருந்ததும் திருச்சபையன்று. 1953 டிசம்பரில் வெளிவந்த ஒரு செய்தித்தாளே.

எல்லா விசுவாசிகளும் ஆசாரியரே என்று நாம் போதிக்கிறோம். ஆனால், துயருற்ற ஒருவர் வரும்போது சபையாரை அவரோடு அமரவிடத் தயங்குகிறோம். இறையியற் கல்லூரிகளில் பேசும் கலையை ஆண்டுக்கணக்கில் பயில்கிறோம். செவிகொடுக்கப் பயில்வதோ அரிது. தம்மைவிடத் தம் சபையாரும் அயலாரும் ஒரு பணியை நன்கு செய்வதைக் கண்டு, அதை மகிழ்ச்சியோடு அவர்களிடம் விட்டுக்கொடுத்தார் வாரா. நம் சபைகளில் ஓய்வுபெற்றோரும் தாய்மாரும் இளைஞரும் அவ்வாறு அழைக்கப்படக் காத்திருக்கின்றனர்.