இம்மானுவேல் ஆலயத்தின் சிகிச்சைக்கூடம்: பதற்றமும் குடியும் ஒன்றாகக் கவனிக்கப்பட்ட வரலாறு

பதற்றக் கோளாறும் குடிநோயும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருக்கும்போது இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே குழுவினர், ஒரே காலத்தில் கவனிக்க வேண்டும் என்ற கருத்தை, 'ஒருங்கிணைந்த சிகிச்சை' என்னும் பெயரில் மருத்துவ உலகம் 1980-களுக்குப் பிறகே பரவலாக ஏற்றது. ஆனால் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், நியூபரி தெருவிலுள்ள இம்மானுவேல் ஆலயத்தில், நரம்புத் தளர்ச்சியால் வாடியவர்களும் குடியிலிருந்து மீள முடியாதவர்களும் ஒரே நாற்காலியில் அமர்த்தப்பட்டு ஒரே முறையில் சிகிச்சை பெற்றது 1906 முதலே நடந்துவந்தது. முன்பே கண்டறியப்பட்ட ஒரு வழி ஏன் கைவிடப்பட்டது என்பதை ஆராய்ந்தால், மருத்துவ அறிவு பொய்யென்று நிறுவி அதை ஒதுக்கவில்லை என்பதும், தொழில்களுக்கு இடையே எழுந்த எல்லைச் சண்டையும் நிதி ஒதுக்கீட்டின் போக்குமே அதை மறைத்தன என்பதும் தெளிவாகின்றன.

இரண்டையும் தொடர்புபடுத்திப் பார்த்த மருத்துவர்கள் அதற்கு முன்பும் இருந்தனர். ஸ்காட்லாந்தில் பிறந்து பிரிட்டிஷ் கடற்படையில் மருத்துவராக உயர்ந்த தாமஸ் ட்ராட்டர், 1788-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டத்துக்கான ஆய்வுரையைக் குடிவெறி பற்றியே எழுதி, அதை விரித்து 1804-இல் நூலாக வெளியிட்டார். நாள்தோறும் ரம் அளந்து கொடுக்கப்பட்ட கப்பல்களில் பல்லாண்டுகள் பணிபுரிந்த அவர், குடிப்பழக்கத்தைப் பாவமாகவோ ஒழுக்கக்கேடாகவோ கருதாமல் மனத்தின் நோயாகக் கருதினார். நோயாளியின் முழு நம்பிக்கையைப் பெற்று, அவர் குடிக்கத் தூண்டும் காரணத்தை அறிந்த பின்னரே மருத்துவர் எதையும் செய்ய முடியும் என்றும் வலியுறுத்தினார். அதே ட்ராட்டர் 1807-இல் நரம்புச் சுபாவம் பற்றித் தனி நூல் எழுதி, நாகரிகச் சமூகத்தின் நோய்களில் மூன்றில் இரண்டு பங்கு நரம்புக் கோளாறுகளே என்று மதிப்பிட்டார். குடியையும் நரம்புக் கலக்கத்தையும் பற்றிய இரு நூல்கள் மூன்றாண்டு இடைவெளியில் ஒரே மருத்துவரிடமிருந்து வந்தது தற்செயலன்று. அவர் கண்ட நோயாளிகளிடம் இரண்டும் பின்னிக் கிடந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தப் பின்னல் பிரிந்தது. நியூயார்க் மருத்துவர் ஜார்ஜ் பியர்ட், களைப்பு, தூக்கமின்மை, படபடப்பு, காரணமற்ற அச்சம் ஆகியவற்றைத் தொகுத்து 'நரம்புத் தளர்ச்சி' என்னும் நோய்ப்பெயரை 1869-இல் பரப்பினார். வசதி படைத்தவர்கள் அப்பெயருடன் ஓய்வில்லங்களுக்கும் தனி மருத்துவர்களிடமும் சென்றனர். குடிப்பவர்களுக்கோ நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டனில் 1864-இல் திறக்கப்பட்டது போன்ற குடிநோயாளர் காப்பகங்கள் இருந்தன, இல்லையேல் சிறைச்சாலை இருந்தது. நரம்பு நோயாளிகளுக்குப் பொட்டாசியம் புரோமைடும், 1869-இல் ஜெர்மானியர் ஆஸ்கர் லீப்ரைஷ் தூக்க மருந்தாக அறிமுகப்படுத்திய குளோரால் ஹைட்ரேட்டும், அபினிக் கரைசல்களும் தாராளமாக வழங்கப்பட்டன. பதற்றத்தைத் தணிக்கக் கொடுத்த மருந்தே பலரைப் புதிய அடிமைத்தனத்தில் தள்ளியது என்பதால், பிரித்து வைக்கப்பட்ட இரு நோய்களும் மருத்துவரின் கையாலேயே மீண்டும் ஒட்டிக்கொண்டன.

இந்தச் சூழலில்தான் எல்வுட் உர்ஸ்டர் என்னும் குருவானவர் 1904-இல் இம்மானுவேல் ஆலயத்தின் பொறுப்பை ஏற்றார். எபிஸ்கோபல் திருச்சபையைச் (ஆங்கிலிக்கன் மரபின் அமெரிக்கக் கிளையைச்) சேர்ந்த அவர், சோதனை உளவியலின் முன்னோடியான வில்ஹெல்ம் வுண்ட்டிடம் லைப்சிக்கில் பயின்று 1889-இல் முனைவர் பட்டம் பெற்றவர். இறையியலும் உளவியலும் ஒருங்கே கற்ற அத்தகைய குருமார் அக்காலத்தில் அரிதாகவே இருந்தனர். அவர் முதலில் தொட்டது நரம்பு நோயையன்று, காசநோயை. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் ஜோசப் பிராட், மருத்துவமனையில் இடம் கிடைக்காத ஏழைக் காசநோயாளிகளை வாரந்தோறும் ஒன்றுகூட்டி, குறிப்பேடு எழுதவும் ஒருவரையொருவர் ஊக்கவும் பழக்கிய 'வகுப்பு' 1905-இல் இந்த ஆலயத்தின் நிதியுதவியோடுதான் தொடங்கியது. குழுச் சிகிச்சையின் வரலாற்றை எழுதுவோர் இவ்வகுப்பைத் தொடக்கப்புள்ளிகளில் ஒன்றாகக் குறிப்பது வழக்கம்.

மறுஆண்டு நவம்பரில், நரம்புக் கோளாறுகளைப் பற்றிய ஞாயிறு மாலைச் சொற்பொழிவுகளை உர்ஸ்டரும் அவருடைய துணைக்குரு சாமுவேல் மெக்கோம்பும் பாஸ்டனின் மதிப்புமிக்க மருத்துவர்களின் துணையோடு நடத்தினர். அவற்றின் முடிவில், உதவி வேண்டுவோர் மறுநாள் காலை வரலாம் என்று அறிவித்தபோது ஏறத்தாழ 200 பேர் திரண்டு வந்தனர். எதிர்பாராத இக்கூட்டமே இம்மானுவேல் இயக்கத்துக்கு வடிவம் கொடுத்தது. வருபவரை முதலில் மருத்துவர் பரிசோதிப்பார். உடலுறுப்பில் நோய் இருந்தால் அவர் மருத்துவமனைக்கு அனுப்பப்படுவார். மனநல மருத்துவர் ஐசடோர் கோரியாட் இப்பணியில் முதன்மையாக நின்றார். யூதரான அவரும் கிறித்தவக் குருமார் இருவரும் சேர்ந்து எழுதிய 'சமயமும் மருத்துவமும்' என்னும் நூல் 1908-இல் வெளியாகி நாடெங்கும் வாசிக்கப்பட்டது.

சிகிச்சை எளிமையானது. நோயாளி சாய்வு நாற்காலியில் அமர, கைகால்களையும் கழுத்தையும் முகத்தையும் படிப்படியாகத் தளர்த்துமாறு குருவானவர் தாழ்ந்த குரலில் வழிநடத்துவார். தளர்ந்த நிலையில், அச்சம் நீங்கும், உறக்கம் வரும், குடியின் மீதான நாட்டம் குறையும் என்பன போன்ற கருத்துகள் எடுத்துரைக்கப்படும். விழிப்புநிலையிலோ அரைத்தூக்கத்திலோ இருப்பவரின் மனத்தில் நலந்தரும் எண்ணத்தை ஊன்றும் இம்முறைக்கு அக்கால மருத்துவர் கருத்தூட்டல் என்று பெயரிட்டிருந்தனர். இதனோடு, வாழ்க்கைச் சிக்கல்களை மனம்விட்டுப் பேசும் தனி உரையாடலும், வாரத்தில் ஒரு மாலை பாடலும் உரையும் நிகழ்ந்தபின் அனைவரும் கலந்து பழகும் கூட்டமும் இருந்தன. குடிநோயாளிகளைப் பொறுத்தவரை, பிறர் வற்புறுத்தலின்றித் தாமே விரும்பி வரவேண்டும் என்றும், அளவோடு குடிக்கும் கனவைக் கைவிட்டு முற்றாக நிறுத்த வேண்டும் என்றும் நிபந்தனை இருந்தது. பதற்றத்துக்கு ஒரு கதவு, குடிக்கு வேறொரு கதவு என்று அங்கே இருக்கவில்லை. தனிமைதான் குடிநோயாளியை மீண்டும் மதுக்கடைக்கு இழுக்கிறது என்பதை உணர்ந்து, எர்னஸ்ட் ஜேக்கபி என்பவர் 1909-இல் அங்கே தொடங்கிய ஜேக்கபி மன்றம், பிறருக்கு உதவுவதன் வழியே தமக்குத் தாமே உதவிக்கொள்ளும் ஆண்களின் அமைப்பாக வளர்ந்தது.

இயக்கத்தின் கூர்மையான சிந்தனை, பட்டம் பெற்ற எவரிடமிருந்தும் வராமல், 1911-இல் அங்கே குடிநோய்க்குச் சிகிச்சை பெற வந்த கோர்ட்னி பெய்லரிடமிருந்து வந்தது. குணமடைந்தபின் அவர் அவ்விடத்திலேயே ஆற்றுப்படுத்துநராகச் சேர்ந்தார். குடிநோயிலிருந்து மீண்டவர் அதையே தொழிலாகக் கொண்டு மற்றவரை மீட்க முனைந்ததற்கு அமெரிக்காவில் இது ஒரு தொடக்ககால எடுத்துக்காட்டு. 1919-இல் வெளியான தம் நூலில் அவர் முன்வைத்த விளக்கத்தின் சாரம் இதுதான்: குடிப்பதற்கு முன்பே மனத்திலும் உடலிலும் ஓர் இறுக்கம் தோன்றுகிறது, மது அந்த இறுக்கத்தைச் சிறிது நேரம் தளர்த்துகிறது, ஆனால் மதுவின் வேகம் தணிந்தவுடன் முன்னைவிடக் கடுமையான இறுக்கம் திரும்புவதால் அடுத்த கோப்பை தேவைப்படுகிறது. ஆகவே குடியை மட்டும் நிறுத்தி இறுக்கத்தை விட்டுவைத்தால் குடி திரும்பும், இறுக்கத்தை மட்டும் தணித்துக் குடியை விட்டுவைத்தால் இறுக்கம் திரும்பும் என்ற முடிவு தானாகவே கிடைத்தது. மூளை வேதியியல் எதுவும் அறியப்படாத காலத்தில், தம் அனுபவத்தையும் தம்மிடம் வந்தவர்களின் பேச்சையும் கொண்டே அவர் இதை வரைந்தார் என்பது பெருமதிப்புக்குரியது. பெய்லரிடம் சிகிச்சை பெற்ற ரிச்சர்ட் பீபடி, சமயச் சாயலை முற்றாக நீக்கி, உடல் தளர்த்தலோடு ஒவ்வொரு நாளையும் மணிவாரியாகத் திட்டமிட்டு எழுதும் பயிற்சியையும் சேர்த்து, இம்முறையை 1931-இல் ஒரு நூலாக விளக்கினார்.

எதிர்ப்பு மருத்துவரிடமிருந்தே எழுந்தது. தொடக்கத்தில் மேடையேறி ஆதரித்த நரம்பியல் பேராசிரியர் ஜேம்ஸ் ஜாக்சன் பட்னம், மருத்துவக் கல்வி இல்லாத குருமார் நோயாளிகளைக் கையாள்வது தகாது என்று விலகினார். 1909-இல் கிளார்க் பல்கலைக்கழகத்தில் உரையாற்ற அமெரிக்கா வந்த சிக்மண்ட் ஃப்ராய்டும் பாஸ்டன் நாளிதழ் ஒன்றுக்கு அளித்த பேட்டியில் இவ்வியக்கத்தைக் கண்டித்தார். உர்ஸ்டர் 1929-இல் ஆலயப் பொறுப்பிலிருந்து விலகி, தனி அறக்கட்டளையின் வழியே பணியைத் தொடர்ந்தாலும், 1940-இல் அவர் மறைந்தபோது இயக்கமாக அது எஞ்சியிருக்கவில்லை. மருத்துவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. பாஸ்டனைப் பார்த்துப் பிற ஊர்களில் தொடங்கப்பட்ட கூடங்கள் அனைத்திலும் அதே கவனத்தோடு பரிசோதனை நடந்ததாகச் சொல்ல முடியாது. எனினும் குருமாரை அகற்றிய மருத்துவர்கள், அவர்கள் விட்டுச்சென்ற குடிநோயாளிகளை ஏற்க முன்வரவில்லை என்பதே இந்த வரலாற்றின் வேதனையான பகுதி.

அந்த வெற்றிடத்தில்தான் 1935-இல் ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரனில் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும், பெயர் வெளியிடாத குடிநோயாளர்களின் தோழமை அமைப்பு பிறந்தது. அதன் நேரடி வேர் ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற சமய இயக்கத்தில் இருந்தாலும், அதன் நிறுவனர்களுள் ஒருவரான பில் வில்சனுக்குச் செய்தி வந்துசேர்ந்த சங்கிலியில் இடம்பெற்ற ரோலண்ட் ஹசார்டு, 1933-34-இல் பெய்லரிடம் சிகிச்சை பெற்றவர். அமைப்பு அளித்த தோழமை அளவிடற்கரியது. ஆனால் அதன் நோக்கம் குடியை நிறுத்துவது ஒன்றே என்பதால், நிறுத்தியபின் எஞ்சிய பதற்றம் அதன் வரம்புக்கு வெளியே நின்றது. பில் வில்சனே மது துறந்தபின் பல்லாண்டுகள் கடும் மனச்சோர்வில் துன்புற்றார்.

அரசு நிறுவனங்கள் இப்பிளவை உறுதிப்படுத்தின. தேசிய மனநல நிறுவனம் 1949-இலும், குடிநோயிலிருந்து மீண்ட செனட்டர் ஹரால்டு ஹியூஸ் முன்னின்று இயற்றிய சட்டத்தின் வழியே மதுவுக்கான தேசிய நிறுவனம் 1970-இலும், பிற போதைப்பொருள்களுக்கான நிறுவனம் 1974-இலும் அமைந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி நிதி, தனிப் பயிற்சி, தனி நிலையங்கள் என்றானபின், மனநல நிலையத்துக்குச் சென்ற குடிநோயாளியிடம் முதலில் குடியை நிறுத்திவிட்டு வருமாறும், குடிநோய் நிலையத்துக்குச் சென்ற பதற்ற நோயாளியிடம் முதலில் மாத்திரைகளை நிறுத்திவிட்டு வருமாறும் கூறப்படுவது வழக்கமாயிற்று.

மாத்திரைகள் மீதான அந்த ஐயத்துக்குக் காரணம் இருந்தது. 1955-இல் வந்த மில்டௌன், நியூஜெர்சியில் லியோ ஸ்டெர்ன்பாக் உருவாக்கி 1960-இல் விற்பனைக்கு வந்த லிப்ரியம், 1963-இல் தொடர்ந்த வேலியம் ஆகியவை பதற்றத்தை விரைவில் அடக்கின. வேலியம் பல ஆண்டுகள் அமெரிக்காவில் மிக அதிகமாக எழுதிக்கொடுக்கப்பட்ட மருந்தாக இருந்தது. லிப்ரியத்தை அதிக அளவில் உட்கொண்டு திடீரென நிறுத்தினால் விலகல் அறிகுறிகள், அதாவது உடல் பழகிவிட்ட பொருள் கிடைக்காதபோது எழும் நடுக்கமும் வலிப்பும் போன்ற துன்பங்கள், தோன்றும் என்பதை லியோ ஹாலிஸ்டர் 1961-லேயே காட்டியும் அது போதிய கவனம் பெறவில்லை. இம்மருந்துகளும் மதுவும் காபா என்னும் அமைதிப்படுத்தும் நரம்புவேதிப்பொருளின் ஏற்பிகளிலேயே செயல்படுவதால், ஒன்றுக்குப் பழகிய மூளை மற்றதற்கும் எளிதில் பழகுகிறது. அதே பண்பினால், குடியை நிறுத்திய முதல் சில நாட்களில் வலிப்பையும் பிதற்றலையும் தடுக்க இவை இன்றியமையாதனவாகவும் உள்ளன. மது, மாத்திரை இரண்டுக்கும் அடிமையாகியிருந்ததை முன்னாள் குடியரசுத் தலைவரின் மனைவி பெட்டி ஃபோர்டு 1978-இல் வெளிப்படையாக அறிவித்ததும், மறுஆண்டு செனட்டர் எட்வர்ட் கென்னடி இம்மருந்துகள் பற்றி விசாரணை நடத்தியதும் பொதுமக்களின் கண்ணைத் திறந்தன.

மனநல மருத்துவர் எட்வர்ட் கான்ட்ஸியன் 1985-இல், அடிமையானோர் இன்பத்தைத் தேடியன்றித் தம் தாங்கவொண்ணா உணர்வுகளுக்குத் தாமே மருந்திட்டுக்கொள்ளவே போதைப்பொருளை நாடுகின்றனர் என்று வாதிட்டார். 1990-இல் டாரல் ரீகியரும் குழுவினரும் வெளியிட்ட பேராய்வு, மதுக் கோளாறு உள்ளோரில் 37 விழுக்காட்டினருக்கும், பிற போதைப்பொருள் கோளாறு உள்ளோரில் 53 விழுக்காட்டினருக்கும் வாழ்நாளில் வேறொரு மனநோயும் இருந்ததைக் காட்டியது. மறுபுறம், மார்க் ஷுக்கிட் போன்றோர், குடிநோயாளியிடம் காணும் பதற்றத்தின் பெரும்பகுதி மதுவின் விளைவே என்றும், குடியை நிறுத்திய சில வாரங்களில் அது வெகுவாகத் தணிகிறது என்றும் சுட்டினர். எது முந்தியது என்ற இவ்விவாதம் நீண்டாலும், பெய்லரின் சுழலில் இரு தரப்புக்கும் இடமுண்டு.

இரு சிகிச்சைகளையும் அருகருகே வைத்தாலே போதும் என்ற நம்பிக்கையைக் கேரி ராண்டலும் உடன் ஆய்வாளர்களும் 2001-இல் வெளியிட்ட ஆய்வு உடைத்தது. குடிநோயோடு சமூகப் பதற்றமும், அதாவது பிறர் முன்னிலையில் இயங்கவே அஞ்சும் நிலையும், கொண்டவர்களுள் குடிக்கு மட்டும் சிகிச்சை பெற்றவர்களைவிட, இரண்டுக்கும் ஒருசேரச் சிகிச்சை பெற்றவர்கள் கூடுதலாகக் குடித்தனர். அஞ்சும் சூழலை எதிர்கொள்ளும் பயிற்சியே சிலரை மதுவின் துணையை நாடச் செய்திருக்கலாம் என்று ஆய்வாளர் கருதினர். மினசோட்டாவின் மேட் குஷ்னர் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், பதற்றம் எழும்போது குடிக்கத் தோன்றும் அந்தக் கண்ணியையே நோயாளிக்குக் காட்டி, அதைத் தளர்த்தப் பயிற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை ஒரு பிரிவினருக்கும், உடல் தளர்த்தல் பயிற்சி மற்றொரு பிரிவினருக்கும் தரப்பட்டன. உள்நோயாளியாகக் குடிநோய்ச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த இரு பிரிவினரிடமும் பதற்றம் கணிசமாகக் குறைந்தது. ஆனால் நான்கு மாதங்களுக்குப் பிறகு குடி கூடுதலாகக் கட்டுப்பட்டிருந்தது, பதற்றத்துக்கும் குடிக்கும் இடையிலான தொடர்பைத் தனியே கற்றுக்கொண்டவர்களிடம்தான்.