வால்டியூப்

மிதிவண்டி வால்வுக்கு வேலை ஒன்றுதான்: காற்றை உள்ளே விட வேண்டும், வெளியே விடக்கூடாது. பெல்ஃபாஸ்ட் நகரின் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப் 1887இல் தம் மகனின் மூன்றுசக்கர வண்டிக்காகக் காற்றடைத்த ரப்பர் குழாயைச் சோதித்தபோது, அந்த வேலையை ஒரு நூல் பார்த்துக்கொண்டது. கால்பந்துக்குக் காற்றடிக்கும் பம்பால் நிரப்பி, வாயைக் கட்டிவிட்டார். 1889இல் பெல்ஃபாஸ்ட் பந்தயங்களில் வில்லி ஹ்யூம் காற்று டயருடன் வென்றதும், டயரை எல்லோரும் கேட்டார்கள். நாள்தோறும் நூலை அவிழ்த்துக் கட்டுவது இனி நடக்கிற காரியமாக இல்லை.

1890களின் தொடக்கத்தில் புழக்கத்துக்கு வந்த உட்ஸ் வால்வைத்தான் பின்னாளில் டன்லப் வால்வு என்றார்கள். பித்தளைத் தண்டின் பக்கவாட்டில் ஒரு துளை. அதன்மேல் இறுக்கமாக மாட்டிய மெல்லிய ரப்பர் குழல். பம்பின் அழுத்தத்தில் ரப்பர் விலகிக் காற்றுக்கு வழி விடும். அழுத்தம் நின்றதும் உள்ளிருக்கும் காற்றே அதைத் துளைமேல் அமுக்கிவிடும். சுருள்வில் எதுவும் கிடையாது. தமிழ்நாட்டுச் சைக்கிள் கடைகளில் ‘வால்டியூப்’ என்று கேட்டு வாங்கியது இந்த ரப்பர் குழலைத்தான். சிறுவர்கள் அதில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சி விளையாடியது தனிக்கதை.

குறைகள் இல்லாமலில்லை. ரப்பரின் இறுக்கத்தை மீறிக் காற்றடிக்க வேண்டியிருப்பதால் கை வலிக்கும். வெயிலில் ரப்பர் இற்றுப்போகும். நடுவில் ரப்பர் மறிப்பதால் டயருக்குள் எவ்வளவு அழுத்தம் என்று அளந்து பார்க்கவும் முடியாது. ஆனால் கெட்டுப்போனால் விரலாலேயே கழற்றி, கொஞ்சம் காசில் புதுக் குழல் மாட்டிக்கொள்ளலாம். பஞ்சர் கடையும் கைப்பம்பும் தெருவுக்குத் தெரு இருந்த நாட்டில் இதற்குமேல் என்ன தேவை? ரப்பருக்குப் பதிலாக வேறு அடைப்பு வைத்த, காற்றடிக்க எளிதான வகைகள் ஐரோப்பாவில் பின்னர் வந்தன.

நியூயார்க்கில் ஆகஸ்ட் ஷ்ரேடரின் நிறுவனம் வேறு வழியில் போனது. மூழ்குநர்களுக்கான கருவிகள் செய்து பழகிய அந்நிறுவனத்தின் வால்வுக்கு 1893இல் காப்புரிமை கிடைத்தது. பிற்காலத்து ஷ்ரேடர் வால்வில் சுருள்வில் அழுத்தி மூடும் ஊசி உண்டு. கார்களும் மோட்டார் சைக்கிள்களும் அதையே ஏற்றன. பெட்ரோல் பங்க்கில் காற்றடித்துக்கொள்ளலாம் என்ற வசதி மிதிவண்டிக்குக் கிடைத்தது இதனால்தான்.

பிரான்சில் தோன்றிய பிரெஸ்டா, பந்தயக்காரர்களின் வால்வு. ஷ்ரேடருக்கு ரிம்மில் சுமார் 8 மி.மீ. துளை வேண்டும், பிரெஸ்டாவுக்கு சுமார் 6.5 மி.மீ. போதும். குறுகலான ரிம்மில் துளை சிறிதானால் பலம் அவ்வளவாகக் குறையாது. சுருள்வில் இல்லாமல் உள்ளழுத்தமே அதை மூடுகிறது. அதனால் அதிக அழுத்தத்திற்கும் எளிதாகக் காற்றடிக்கலாம். நுனியில் இருக்கும் சிறு திருகைத் தளர்த்தாமல் பம்பை மாட்டினால் காற்று ஏறாது. அந்தத் திருகு இருக்கும் மெல்லிய ஊசி அவசரக் கையில் வளைந்தும் போகும். சிறிய துளைக்குள் பருத்த ஷ்ரேடர் நுழையாது என்பதால், வால்வு எது என்பதைப் பெரும்பாலும் ஓட்டுபவரைவிட ரிம் செய்தவரே தீர்மானித்துவிடுகிறார்.