ஃபால்அவுட் கேமில் ஒரு புதுத் துப்பாக்கி வந்தால் அதற்கு வரலாறும் எழுதணுமா? ரசிகர்களின் 'மோட்' உலகம் இயங்குவது எப்படி?

2024 ஏப்ரலில் ஃபால்அவுட் ரசிகர்களுக்கு இரட்டை விருந்து காத்திருந்தது. ஒன்று, அமேசான் பிரைம் வீடியோவில் வெளியான வெப் சீரிஸ். இன்னொன்று, 'ஃபால்அவுட்: லண்டன்'. இது கேம் கம்பெனி செய்தது இல்லை. ரசிகர்களே சேர்ந்து பல வருஷம் உழைத்து உருவாக்கி, இலவசமாகத் தரவிருந்த ஒரு முழு கேம் அளவிலான மோட். ஏப்ரல் 23-ம் தேதி ரிலீஸ் என்று நாளும் குறித்துவிட்டார்கள்.

ஆனால் அன்றைக்கு அது வரவில்லை. காரணம், 2015-ல் வெளியான ஃபால்அவுட் 4 கேமுக்கு ஏப்ரல் 25-ம் தேதி பெரிய அப்டேட் ஒன்று வரும் என பெதஸ்டா நிறுவனம் அறிவித்ததுதான். அந்த கேமின் மேல்தான் லண்டன் மோட் கட்டப்பட்டிருந்தது. அஸ்திவாரத்தையே மாற்றினால் மேலே இருக்கும் வீடு என்ன ஆகும்? ரிலீஸ் தள்ளிப்போய், ஜூலை 25-ம் தேதிதான் மோட் வெளியானது.

துப்பாக்கியை மாற்றுவது, கதையைச் சேர்ப்பது என்று ரசிகர்கள் செய்யும் வேலைக்கு இவ்வளவு பெரிய உலகம் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்காக இந்த விளக்கம்.

முதலில், ஃபால்அவுட் கதை என்ன?

1997-ல் இன்டர்ப்ளே நிறுவனம் வெளியிட்ட கேம் இது. உரிமை பிறகு பெதஸ்டா கைக்குப் போனது. அந்த பெதஸ்டாவின் தாய் நிறுவனத்தை 2021-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கிவிட்டது.

கதைப்படி 2077 அக்டோபர் 23-ம் தேதி அமெரிக்காவும் சீனாவும் அணுகுண்டு வீசிக்கொள்கின்றன. சில மணி நேரத்தில் உலகமே காலி. நிலத்தடியில் 'வால்ட்' என்ற பாதுகாப்புக் கூடங்களில் பதுங்கியவர்களும், வெளியில் எப்படியோ பிழைத்தவர்களும் பல தலைமுறைக்குப் பிறகு அந்தப் பாழ்நிலத்தில் வாழ்வதுதான் கேம். அங்கே பணம் என்றால் சோடா பாட்டில் மூடி.

ஒரு விசேஷம் உண்டு. இது நம்முடைய எதிர்காலம் இல்லை. 1950-களில் அமெரிக்கர்கள் கற்பனை செய்த எதிர்காலம். லேசர் துப்பாக்கி இருக்கும், பேசும் ரோபோ இருக்கும், ஆனால் கம்ப்யூட்டர் திரை பச்சை எழுத்தில் மினுங்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் துப்பாக்கி விவகாரம் எளிதாகப் புரியும்.

மோட் என்றால் என்ன?

மாடிஃபிகேஷன் என்பதன் சுருக்கம். கேமின் கோப்புகளில் ரசிகர்கள் செய்யும் மாற்றம் அல்லது சேர்க்கை. கொஞ்சம் குழப்பமும் உண்டு: ஃபால்அவுட் 4-க்கு உள்ளேயே துப்பாக்கியில் மாட்டும் உதிரி பாகத்துக்கும் மோட் என்றுதான் பெயர். ஒர்க்பெஞ்சில் வைத்து பேரல், கைப்பிடி, ஸ்கோப் எல்லாம் மாற்றலாம். ஒரு லேசர் பிஸ்டலை நீள பேரலும் தோள்கட்டையும் மாட்டி ரைஃபிளாகவே ஆக்கிவிடலாம். ரசிகர்கள் செய்வது இதற்கு ஒரு படி மேலே. கேமில் இல்லாத ஆயுதத்தையே உள்ளே கொண்டுவருவது.

இதற்கான கருவியை பெதஸ்டாவே இலவசமாகத் தருகிறது. 'கிரியேஷன் கிட்' என்று பெயர். ஃபால்அவுட் 4-க்கு அது 2016 ஏப்ரலில் வந்தது.

ஒரு துப்பாக்கி எப்படிப் பிறக்கிறது?

பார்க்க ஈஸி மாதிரி தெரியும். முதலில் 3டி மாடல் வரைய வேண்டும். அதன் மேல் துரு, கீறல், தேய்ந்த பெயின்ட் எல்லாம் படமாக ஒட்ட வேண்டும். தோட்டா நிரப்பும்போது கை எப்படி அசையும் என்பதற்குத் தனி அனிமேஷன். சுடும் சத்தம் தனி. அதன் பிறகுதான் கிரியேஷன் கிட்டில் ஏற்றி எடை எவ்வளவு, விலை எவ்வளவு, எந்தத் தோட்டா, எவ்வளவு சேதம் என்று நிரப்புவார்கள்.

இவ்வளவும் செய்தாலும் துப்பாக்கி இன்னும் உலகத்துக்குள் வரவில்லை! அதற்கு 'லெவல்டு லிஸ்ட்' என்ற பட்டியலில் இடம் பிடிக்க வேண்டும். ஒரு கொள்ளைக்காரன் திரையில் தோன்றும்போது அவன் கையில் எதைக் கொடுப்பது, கடைக்காரர் இன்று எதை விற்பது என்று கேம் பார்த்து எடுக்கும் பட்டியல் அது. இரண்டு மோட்கள் ஒரே பட்டியலைத் திருத்தினால் கடைசியாக லோட் ஆனது ஜெயிக்கும், முதலாவது காணாமல் போகும். 'மோட் போட்டேன், ஆனால் துப்பாக்கி எங்கேயும் கிடைக்கலை' என்று புலம்புபவர்களில் பலருக்கு இதுதான் பிரச்னை. இரண்டையும் சேர்த்து வைக்க எக்ஸ்எடிட் என்ற இன்னொரு கருவியில் தனியாக ஒரு ஒட்டுக்கோப்பு செய்யணும். அதையும் பெரும்பாலும் யாராவது ஒரு ரசிகர்தான் சும்மா செய்து கொடுக்கிறார்.

வரலாறு எங்கே வருகிறது?

இங்கேதான். ஒரு ரேஸ் கேமில் புதுக் கார் சேர்த்தால் யாரும் அது எங்கிருந்து வந்தது என்று கேட்க மாட்டார்கள். ஃபால்அவுட்டில் கேட்பார்கள். தொழிற்சாலைகள் எல்லாம் அழிந்துபோன உலகம். அங்கே ஒருவன் கையில் துப்பாக்கி இருந்தால், ஒன்று அது போருக்கு முன் செய்தது, அல்லது யாரோ இப்போது செய்தது. போருக்கு முன் என்றால் எந்த ராணுவம்? இப்போது என்றால் இரும்பு எங்கிருந்து, எந்திரம் எங்கிருந்து?

கேமே இதற்குப் பதில் சொல்லித்தான் பழக்கியிருக்கிறது. ஃபால்அவுட் 3-ல் சீன ரைஃபிள் வாஷிங்டனில் கிடைக்கும்; அமெரிக்காவுக்குள் ஊடுருவிய சீன உளவாளிகள் கொண்டுவந்தது என்று அதற்கு ஒரு காரணம் உண்டு. 2010-ல் வந்த நியூ வேகாஸில் 'கன் ரன்னர்ஸ்' என்ற கும்பல் சொந்தமாக ஆலை வைத்துத் துப்பாக்கி செய்து விற்கும். ஃபால்அவுட் 4-ல் ஏழைகளின் ஆயுதம் தண்ணீர்க் குழாயும் மரக்கட்டையும் வைத்துக் கட்டிய 'பைப் கன்'. ஆயுதத்தைப் பார்த்தாலே வைத்திருப்பவன் யார் என்று தெரிந்துவிடும்.

அதனால்தான் நல்ல ஆயுத மோட் செய்பவர் துப்பாக்கியோடு நிற்பதில்லை. கைவிடப்பட்ட ராணுவக் கிடங்கில் ஒரு கம்ப்யூட்டர், அதில் 'இந்த ஆர்டரை ரத்து செய்கிறோம்' என்று ஒரு கடிதம். பக்கத்து அறையில் ஒரு எலும்புக்கூடு, அதன் அருகில் ஒரு ஒலிநாடா. அவ்வளவுதான். அந்தத் துப்பாக்கி ஏன் ஒன்றே ஒன்று மட்டும் இருக்கிறது என்பது விளையாடுபவருக்குப் புரிந்துவிடும். இந்தப் பின்கதையைத்தான் 'லோர்' என்கிறார்கள். அது மூலக் கதையோடு ஒத்துப்போனால் 'லோர் ஃப்ரெண்ட்லி' என்று பாராட்டு.

ஒத்துப்போகாவிட்டால் சண்டை. இன்றைய நிஜ ராணுவத் துப்பாக்கிகளை அப்படியே கொண்டுவரும் மோட்களைப் பார்த்தாலே பழைய ரசிகர்கள் சிலருக்குக் கோபம் வரும், '1950-கள் பாணி உலகத்தில் இது எப்படி?' என்று. ஆனால் அவர்கள் வசதியாக மறக்கும் விஷயம் ஒன்று: 1998-ல் வந்த ஃபால்அவுட் 2-லேயே எஃப்என் எஃப்ஏஎல், ஜி11 போன்ற நிஜத் துப்பாக்கிகள் இருந்தன. தூய்மைவாதிகளின் வாதம் அவர்கள் நினைக்கும் அளவுக்கு வலுவானது இல்லை.

கம்பெனியே கோட்டை விட்ட இடங்களும் உண்டு. ஃபால்அவுட் 4-ல் ஹன்ட்டிங் ரைஃபிளின் போல்ட் கைப்பிடி இடது பக்கம் இருக்கும். கதாநாயகனோ வலது கைக்காரர். ஒவ்வொரு முறை சுட்டதும் கையைக் குறுக்கே கொண்டுபோய் இழுக்க வேண்டிய நிலை. துப்பாக்கி பற்றித் தெரிந்தவர்களுக்கு இது கண்ணில் விழுந்த தூசி மாதிரி. ரசிகர்கள் சும்மா விடுவார்களா? வலது பக்கத்துக்கு மாற்றி மோட் விட்டுவிட்டார்கள்.

லண்டன் ஏன் ஸ்பெஷல்?

துப்பாக்கியும் வரலாறும் ஒன்றுதான் என்பதற்கு நல்ல உதாரணம் லண்டன் மோட். கதை நடப்பது 2237-ல், பிரிட்டனில். அமெரிக்கா மாதிரி வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருந்த நாடு இல்லை அது. எனவே அழிவுக்குப் பிறகும் துப்பாக்கிகள் குறைவு. கத்தி, கட்டை என்று கைச்சண்டை ஆயுதங்களுக்கு அதிக இடம் கொடுத்தார்கள். பாட்டில் மூடிக்குப் பதில் டிக்கெட்தான் பணம். அமெரிக்க ஆய்வகத்தில் பிறந்த 'சூப்பர் மியூட்டன்ட்' என்ற பச்சை அரக்கர்கள் லண்டனில் கிடையாது. அந்த வைரஸ் கடல் தாண்ட வழியே இல்லையே! இருப்பதைச் சேர்ப்பது எல்லோரும் செய்வது. இருக்கக் கூடாததை எடுத்துவிடுவதற்குத்தான் கதை தெரிந்திருக்க வேண்டும்.

டாக்டர் ஹூ தொடரில் நடித்த சில்வெஸ்டர் மெக்காய், கோலின் பேக்கர் ஆகியோர் இதில் குரல் கொடுத்திருக்கிறார்கள். பிரிட்டன் நாடாளுமன்றத்தின் முன்னாள் சபாநாயகர் ஜான் பெர்கோவும்கூட! ஜிஓஜி தளத்தில் வெளியான முதல் 24 மணி நேரத்தில் 5 லட்சத்துக்கு மேற்பட்டோர் பெற்றுக்கொண்டதாக அந்தத் தளம் அறிவித்தது. வெளியாகும் முன்பே, 2021-ல், இதன் தலைமை எழுத்தாளர் ஸ்டெஃபனி ஸகாரியாடிஸை பெதஸ்டா வேலைக்கு எடுத்துக்கொண்டது.

ரசிகர் எழுதிய கதை யாருக்குச் சொந்தம்?

இதுதான் வலிக்கும் இடம். ரசிகர்களின் கதை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதிகாரபூர்வ வரலாற்றில் சேராது. எது சேரும் என்பதை முடிவு செய்வது கம்பெனி. அந்த முடிவு எவ்வளவு உணர்வுபூர்வமான விஷயம் என்பதற்கு வெப் சீரிஸே சாட்சி. ஒரு காட்சியில் கரும்பலகையில் 'ஷேடி சாண்ட்ஸின் வீழ்ச்சி, 2277' என்று எழுதியிருந்தது. நியூ வேகாஸ் கேமோ நடப்பது 2281-ல், அதில் அந்த நகரம் அழிந்ததாகப் பேச்சே இல்லை. 'எங்க கேமையே வரலாற்றிலிருந்து தூக்கிட்டாங்க' என்று ரசிகர்கள் கொதித்தார்கள். நியூ வேகாஸ் சம்பவங்களுக்குப் பிறகுதான் குண்டு விழுந்தது என்று பெதஸ்டாவின் டாட் ஹோவர்டே விளக்கம் தர வேண்டியதாயிற்று.

இன்னொரு சம்பவம். நியூ வேகாஸுக்காக ஒரு ரசிகர் 'ஆட்டம் லீவ்ஸ்' என்ற மோட் செய்தார். தனிமையில் வாழும் ரோபோக்கள், அவர்களில் ஒருவர் கொலை, துப்பறிய வேண்டியது நீங்கள். 2016 மே மாதம் பெதஸ்டா விற்ற 'ஃபார் ஹார்பர்' கூடுதல் கதையிலும் ரோபோக்கள் வாழும் இடத்தில் கொலை, துப்பறியும் வேலை. தற்செயலான ஒற்றுமைதான் என்றது நிறுவனம். மோட் செய்தவரும் சண்டைக்குப் போகவில்லை. ஆனால் இரண்டையும் விளையாடியவர்கள் இன்றும் இதைப் பேசுகிறார்கள்.

விதிமுறைப்படி, கிரியேஷன் கிட்டில் செய்ததை அனுமதி இல்லாமல் விற்க முடியாது. அதைப் பயன்படுத்தும் உரிமை கம்பெனிக்கும் உண்டு. 2015 ஏப்ரலில் ஸ்கைரிம் கேமுக்கு ஸ்டீம் தளத்தில் மோட்களை விலைக்கு விற்கும் திட்டம் வந்தது. செய்தவருக்கு 25 சதவீதம், மீதி இரண்டு நிறுவனங்களுக்கு. எதிர்ப்பு வெடித்து, நான்கே நாளில் திட்டம் வாபஸ். இரண்டு வருஷம் கழித்து 'கிரியேஷன் கிளப்' என்ற பெயரில் வேறு வடிவில் விற்பனை திரும்பி வந்தது.

2016-ல் எக்ஸ்பாக்ஸில் மோட் வசதி வந்தபோது வேறொரு தலைவலி. கணினிக்காக ஒருவர் செய்த மோட்களை வேறு யாரோ எடுத்து, கேட்காமலேயே கன்சோலுக்கு ஏற்றிவிட்டார்கள். உழைத்தவர் பெயர்கூட இருக்காது. இதனால் மனம் வெறுத்து மோட்களையே நீக்கியவர்களும் உண்டு. பிளேஸ்டேஷன் 4-ல் நிலைமை வேறு. வெளியிலிருந்து புது மாடலோ சத்தமோ சேர்க்க சோனி அனுமதிக்கவில்லை. கேமில் ஏற்கெனவே இருக்கும் பொருள்களை மாற்றி அடுக்கலாம், அவ்வளவே. ஆகவே அங்கே புதுத் துப்பாக்கி மாடலே கிடையாது!

நீங்கள் முயற்சி செய்தால்

ஃபால்அவுட் 4-ல் முழு அளவு மோட் கோப்புகள் சுமார் 250 வரைதான் ஏற்கும். 'லைட்' வகைக் கோப்புகள் என்றால் 4,096 வரை போகலாம், சிறிய துப்பாக்கி மோட்கள் பல இப்போது அந்த வகையில் வருகின்றன. பெரிய மோட்கள் பலவும் 'ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர்' என்ற ரசிகர் கருவியை நம்பியிருக்கின்றன. அது கேமின் குறிப்பிட்ட பதிப்புக்கு மட்டுமே பொருந்தும். 2024 அப்டேட்டில் முதலில் அடி வாங்கியது இதுதான்.

எனவே மோட் போட்டு விளையாடுபவர்கள் ஸ்டீமில் அந்த கேமுக்கு 'கேமைத் திறக்கும்போது மட்டும் அப்டேட் செய்' என்ற ஆப்ஷனை வைத்து, ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர் வழியாகவே திறப்பது வழக்கம். சேவ் ஃபைலை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்வதும் நல்லது. பாதி ஆட்டத்தில் ஒரு ஆயுத மோடை நீக்கினால் உங்கள் பையில் இருக்கும் அந்தத் துப்பாக்கியும் சேர்ந்தே மறைந்துவிடும். லண்டன் மோட் வேண்டும் என்றால் கணினியில் ஃபால்அவுட் 4 சொந்தமாக இருக்க வேண்டும், கன்சோலில் வராது.