ரிச்சர்ட்சனின் சுழிகள்

லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் பெயரை நான் முதன்முதலில் வாசித்தது ஒரு தோல்விக் கதையில். முதல் உலகப் போரில் பிரான்ஸில் ஆம்புலன்ஸ் பணியில் இருந்துகொண்டே, 1910 மே 20 அன்றைய ஆறு மணிநேர வானிலையைக் கையாலேயே கணக்குப் போட்டுப் பார்த்தார். காற்றழுத்தம் 145 மில்லிபார் ஏறும்னு விடை வந்தது. நிஜத்தில் அன்று அது அசையவே இல்லை. கையெழுத்துப் பிரதி போரில் தொலைந்து, பல மாதம் கழித்து பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலுக்கு அடியில் கிடைத்தது. மனுஷன் தோல்வியை மறைக்காமல் 1922இல் புத்தகமாகவே போட்டார்.

கொந்தளிப்பைப் பற்றிய அந்தப் புகழ்பெற்ற படமும் அதில்தான் இருக்கிறது. பெரிய சுழி தன் ஆற்றலைச் சின்னச் சுழிக்குக் கொடுக்கும், அது இன்னும் சின்னதுக்கு. கடைசியில் பாகுத்தன்மை எல்லாவற்றையும் வெப்பமாக்கிவிடும். 1941இல் கொல்மொகோரொவ் இதுக்குக் கணிதம் எழுதினார். ஒரு படியிலிருந்து பக்கத்துப் படிக்கு மட்டும் இறங்கும் ஏணி மாதிரி.

ஏணி எனக்கு எப்போதும் கொஞ்சம் சந்தேகம்தான். எந்தச் சுழி எதைத் தள்ளுதுன்னு அது சொல்வதில்லை. 2016இல் டைரா, நாயர், பிரண்டன் மூவரும் அதைத்தான் கேட்டார்கள். இருபரிமாண ஓட்டம் ஒன்றைச் சின்னக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு சுழற்சித் துண்டையும் ஒரு கணுவாக வைத்தார்கள். ஒன்று இன்னொன்றில் எவ்வளவு வேகத்தைத் தூண்டுகிறதோ, அதுதான் இடையே உள்ள கோட்டின் கனம். வந்த வலை இன்ஸ்டாகிராம் மாதிரியே: பெரும்பாலான கணுக்களுக்குச் செல்வாக்கு சொற்பம், ஒரு சிலவற்றுக்கு ஏராளம். கண்ட இடத்தில் தட்டினால் ஓட்டம் கண்டுகொள்வதில்லை. அந்தச் சிலவற்றைத் தொட்டால் போக்கே மாறுகிறது. (முப்பரிமாணம் வேறு கதை. இருபரிமாணத்தில் ஆற்றல் சின்னதிலிருந்து பெரியதுக்கே ஏறும்.)

ரிச்சர்ட்சன் குவேக்கர். வானிலைத் துறையை 1920இல் விமானப்படை அமைச்சகத்தோடு சேர்த்ததும் வேலையை விட்டார். தன் காற்று ஆய்வில் அதிக அக்கறை காட்டியவர்கள் விஷவாயு நிபுணர்கள் என்று தெரிந்ததும், அச்சேறாத தாள்களை அழித்தார். அவர் மனைவி பின்னால் சொன்னது இது. அப்புறம் போர்களை எண்ண ஆரம்பித்தார். ஒவ்வொரு நாட்டுக்கும் எல்லையைப் பகிரும் அண்டை நாடுகள் எத்தனை, அது போட்ட சண்டை எத்தனை? ஒரு கணுவிலிருந்து எத்தனை கோடு கிளம்புதுன்னு எண்ணும் அதே வேலை.

சுழிகளை முழுசாக விடவும் முடியலை. 1948இல் ஹென்றி ஸ்டொம்மெலோடு சேர்ந்து வெளியிட்ட கட்டுரைக்காக, ஸ்காட்லாந்துக் கடல்நீரில் பார்ஸ்னிப் கிழங்குத் துண்டுகளை இரண்டிரண்டாக மிதக்கவிட்டு, இடைவெளி எப்படி விரிகிறது என்று அளந்துகொண்டிருந்தார்.