மலர், கிழங்கு, விதை: காந்தள் வளர்ப்பின் வரலாறு

முன்னுரை

தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தள் இலக்கிய ஆய்வுகளில் குறிஞ்சி நிலத்தின் அடையாளமாகவே பெரிதும் பேசப்பட்டு வந்துள்ளது. மகளிர் விரலுக்கு உவமையாவதும், திருமுருகாற்றுப்படையில் முருகனின் கண்ணியாவதும், தொல்காப்பியத்தில் வெறியாட்டோடு இணைந்த வெட்சித்துறைக்குப் பெயராவதும் பலராலும் எடுத்துக்காட்டப்பட்டவை. இவை யாவும் மலரை நோக்கியவை. அக்கொடியை மக்கள் எதற்காக மண்ணில் நட்டனர் என்னும் வினாவை எழுப்பினால் சான்றுகள் வேறொரு திசையில் செல்கின்றன.

இல்லில் நட்ட காந்தள்

சங்கப் பாடல்களில் காந்தள் தானே முளைத்து மலைச்சாரலில் பூப்பது. அதனைப் பேணி வளர்த்ததற்குக் கபிலர் பாடிய குறுந்தொகை 361ஆம் பாடல் அரிய சான்றாகும். மாலையில் தலைவனின் மலையில் பெய்த மழையால் பெருகிய ஆறு, மறுநாட் காலையில் ஒரு காந்தளைத் தலைவியின் ஊருக்குக் கொண்டுவருகிறது. மெல்லிய இலை குழையுமாறு அவள் அதனைத் தழுவுகிறாள். பின் வீட்டில் கொண்டு நடுகிறாள். தாய் அதனைத் தடுக்கவில்லை. அந்தத் தாய்க்கு மேலுலகமே கைம்மாறாகத் தரினும் சிறிது என்கிறாள் தலைவி.

தலைவனின் மலையிலிருந்து வந்தது என்பதனால் பாடலின் உணர்ச்சி விளங்கும். நடுதல் என்னும் செயலோ செடியின் இயல்பறிந்து கூறப்பட்டதாகவே தோன்றுகிறது. பறித்த மலரைச் சூடலாம்; நட இயலாது. வெள்ளம் அடித்துவந்தது மலர் மட்டுமன்று, அடிப்பகுதியோடு கூடிய முழுச்செடி என்பதைப் பாடலின் அடைமொழி உணர்த்துகிறது. காந்தளின் உயிர் கிழங்கில் உள்ளது. கோடையில் கொடி முற்றும் காய்ந்தழிய, மண்ணுள் உறங்கும் கிழங்கு மழைக்குப் பின் மீண்டும் தளிர்க்கும். ஆகவே, இலை குழைந்த பின்னும் அதனை நட்டது வெறும் ஏக்கத்தின் செயல் எனத் தள்ளத்தக்கதன்று.

பெயர் வழக்குகள்

குறிஞ்சிப்பாட்டின் மலர்ப்பட்டியல் காந்தளில் தொடங்குகிறது. தோன்றியும் கோடலும் அதே பட்டியலில் தனித்தனியே இடம்பெறுகின்றன. கோடலை வெண்காந்தள் என்பர். மலையாளத்தில் இக்கொடி மேந்தோன்னி. ஒன்று, கன்று என்பன அங்கு ஒன்னு, கன்னு ஆதல் போலத் தோன்றியும் தோன்னியாயிற்று. 17ஆம் நூற்றாண்டின் மலபார்த் தாவர நூலாகிய ஓர்த்தூசு மலபாரிக்கூசிலும் அப்பெயரே பதிவாகியுள்ளது. மெத்தோனிகா என்ற இலத்தீன் பேரினப் பெயர் அதன் திரிபு. 1753இல் லின்னேயசு இட்ட குளோரியோசா சுபெர்பா என்னும் பெயரே பின்னர் நிலைத்தது. ஒரே பூ பசுமஞ்சளாய் விரிந்து நாளடைவில் செம்மை அடைவதால், நிறம் பற்றிப் பெயர்கள் பிரிந்திருக்கவும் கூடும்.

மருத்துவ வழக்கில் பார்வை மலரை விட்டுக் கிழங்குக்கு இறங்குகிறது. கலப்பை போல் இரு கிளையாக வளைந்திருத்தலின் அது கலப்பைக்கிழங்கு. வடமொழியில் லாங்கலி என்பதும் கலப்பைப் பொருளதே. கண்வலிக்கிழங்கு என்பது பூவை உற்றுநோக்கினால் கண்ணோவு வரும் என்ற நம்பிக்கையை ஒட்டியது. செடி முழுதும் நஞ்சு. உரிய தூய்மை முறைகளுக்குப் பின்னரே மருந்தில் சேர்க்கப்பட்டது. வேலியிலும் புதரிலும் தோண்டியெடுக்கக் கிடைத்ததைப் பயிரிட வேண்டிய தேவை எழவில்லை.

வயற்பயிர்

1820இல் பெல்லெத்தியே, கவாந்து என்னும் பிரெஞ்சு வேதியியலார் கொல்கிக்கம் என்ற வேறொரு செடியிலிருந்து பிரித்தெடுத்த நஞ்சே பின்னர்க் கொல்கிசின் எனப்பட்டது. கீல்வாதத்துக்கு மருந்தாவது அதுவே. காந்தளின் விதையிலும் அது மிகுந்திருத்தல் அறியப்பட்ட பின், 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் சார்ந்த செம்மண் நிலங்களில் இது ஏற்றுமதிப் பயிராயிற்று.

ஆனி, ஆடியில் கிழங்கு நடப்படும். முளைக்கண் கிழங்கின் நுனியில் இருக்கும். அது ஒடிந்தால் அந்நுனி தளிர்க்காது. எனவே தோண்டுதலும் எடுத்துச்செல்லுதலும் கைப்பக்குவம் வேண்டுபவை. இலைநுனியே சுருண்டு பற்றுக்கம்பியாவதால், முள்கிளுவைக் கொம்போ காய்ந்த விராலி மிலாறோ கம்பிவேலியோ துணையாக நிறுத்தப்படுகிறது. சூல்தண்டு பூவின் அடியிலேயே பக்கவாட்டில் மடிந்து மகரந்தத்தை விட்டு விலகி நிற்கும். ஆகவே, காலைதோறும் பூப்பூவாக மகரந்தத்தைக் கையால் தொட்டுவைக்கின்றனர். திருமுருகாற்றுப்படை காந்தளை வண்டு மொய்க்காத பூ என்பதை இதனோடு இணைத்துக் காட்டும் ஆர்வம் எழலாம். வண்டு ஊதும் காந்தளும் சங்கப் பாடல்களில் உண்டாதலின் அவ்விணைப்பு பொருந்தாது.

விதையிலிருந்து வளரும் கொடி பூப்பதற்குச் சில ஆண்டுகள் ஆகும். இதனால் விதைக்காக வளர்க்கும் பயிருக்கும் நடுபொருள் கிழங்கேயாயிற்று. தொடக்கத்தில் அக்கிழங்கு காடுகளிலிருந்தும் வேலிப்புதர்களிலிருந்தும் தோண்டப்பட்டது. முதிர்ந்த கிழங்கைத் தோண்டிய இடத்தில், உதிர்ந்த விதை முளைத்துப் பூக்கும் வரை காந்தள் இல்லை.